ஊரில் தங்கும் ரூபாய்: மதுரையில் வாழ்வோர்க்கு ஒரு செலவு வழிகாட்டி

உள்ளூர் வணிகர்களுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, பேரங்காடியில் வாங்கிவந்த அதே பொருட்களைத் தெருமுனை அண்ணாச்சி கடையில் வாங்கத் தொடங்குவதுதான். அது நல்ல காரியமே. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பயன் குறைவு. பெருநிறுவனம் ஒன்றின் சோப்பையோ பிஸ்கட் பாக்கெட்டையோ விற்கும் சிறு கடைக்காரருக்கு நூறு ரூபாய்க்கு ஏறத்தாழப் பத்து ரூபாய் அளவில்தான் மிஞ்சும். கடை வாடகை, மின்கட்டணம், பொட்டலம் கட்டும் பையனின் சம்பளம் எல்லாவற்றையும் அவர் அதிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். மீதித் தொகை விநியோகஸ்தர் வழியாக ஊரைவிட்டே போய்விடுகிறது. அதே நூறு ரூபாயைப் பக்கத்துத் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மாவிடம் கொடுத்தால், அரிசிக்கும் உளுந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் போனது போக மிச்சம் அவருடைய உழைப்புக்கான கூலியாக அவர் கையிலேயே நிற்கிறது. அந்த அரிசியும் உளுந்தும்கூட அநேகமாக இந்த ஊர்க் கடையில் வாங்கியவையே.

ஆகவே யாருடைய கடையில் வாங்குகிறோம் என்பதைப் போலவே, அங்கே எதை வாங்குகிறோம் என்பதும் முக்கியம். கொடுக்கும் ரூபாயில் இந்த ஊரின் உழைப்புக்கும் திறமைக்கும் எவ்வளவு போகிறது என்று பார்த்து, அந்தப் பங்கு அதிகமாக உள்ள பொருட்களுக்கு நம் செலவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். எடுத்துக்காட்டுகள் மதுரையைச் சேர்ந்தவை. வேறு ஊரில் இருப்பவர்கள் தெருப் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு மாதக் கணக்கு

ஒரே ஒரு மாதம், வீட்டில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று நோட்டில் எழுதுங்கள். கடைப் பெயரை மட்டும் எழுதாமல், என்ன பொருள், அது எங்கே செய்யப்பட்டது அல்லது விளைந்தது என்பதையும் எழுதுங்கள். மாத முடிவில் அந்தப் பட்டியல் தானாகவே மூன்றாகப் பிரியும். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல், மருந்து போன்றவற்றில் நமக்குப் பெரிய தேர்வு கிடையாது, அவற்றை விட்டுவிடலாம். பற்பசை, சலவைத்தூள், அலைபேசிக் கட்டணம் போன்றவற்றை எங்கே வாங்கினாலும் பெரும்பணம் வெளியேதான் போகும்; அவற்றை அண்ணாச்சி கடைக்கு மாற்றுவதால் அவருக்கு அந்தப் பத்து ரூபாய் கிடைக்கும் என்ற அளவில் அது பயனுள்ளது. மூன்றாவதாக வருபவைதான் நம் கவனத்துக்குரியவை: எண்ணெய், மாவு, மசாலாத்தூள், காய்கறி, பூ, பலகாரம், சாப்பாடு, துணி, தையல், பழுதுபார்ப்பு, பரிசுப்பொருள், விசேஷச் செலவு. இவற்றில் நாம் பாக்கெட்டாக வாங்கும் ஒவ்வொன்றுக்கும் இந்த ஊரிலேயே ஒரு கை வேலைக்காரர் இருக்கிறார்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முயல வேண்டாம். ஒரு மாதத்துக்கு இரண்டு பொருட்கள் போதும். ஆவேசத்தில் தொடங்குவது எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் அனுபவம் உண்டு. சல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து 2017 மார்ச் 1 முதல் கோக்க-கோலா, பெப்சி ஆகியவற்றை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவொண்டோவை அப்போது ஊரெல்லாம் தேடிக் குடித்தது. இன்று அதே கடைகளின் குளிர்பெட்டிகளில் அந்த வெளிநாட்டுப் பானங்கள் மறுபடியும் நிற்கின்றன. கோபம் தணிந்த பிறகும் கை தானாக அதே பாட்டிலுக்குப் போக வேண்டுமானால், அது பழக்கமாகியிருக்க வேண்டும். பழக்கம் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

கடை யாருடையது என்பதையும் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது. பெரிய பெயர்ப்பலகை இருப்பதாலேயே ஒரு கடை வெளியாருடையது ஆகிவிடாது. மதுரைக் குடும்பங்கள் நடத்தும் பல கிளைக் கடைகளும் உண்டு. அதேபோல, உரிமம் பெற்றுப் பெருநிறுவனத்தின் பெயரில் நடக்கும் கடையின் முதலாளி உள்ளூர்க்காரராக இருக்கலாம். ஆனால் சரக்கும் விலையும் அவர் கையில் இருக்காது, விற்பனையில் ஒரு பங்கும் வெளியே போகும். சரக்கை எங்கே எடுப்பது, யாரிடம் எடுப்பது, என்ன விலைக்கு விற்பது என்று தானே முடிவு செய்யக்கூடியவர்தான் என் பார்வையில் சுயேச்சையான வணிகர். பெரிய கடை, சிறிய கடை என்ற பிரிவினையைவிட இந்த அளவுகோல் சரியானது.

எண்ணெயும் மாவும்

மாற்றத்தைத் தொடங்க எண்ணெய்தான் சிறந்த இடம். ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் வாங்கும் பொருள் அது. உள்ளூர் உழைப்பின் பங்கும் அதில் அதிகம். மதுரையைச் சுற்றிலும் மரச்செக்கும் இரும்புச்செக்கும் ஓடும் கடைகள் பல உள்ளன. ஆனால் செக்கெண்ணெய் என்று எழுதி வைத்திருப்பதெல்லாம் செக்கில் ஆட்டியது அல்ல. அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, மனக்கணக்கு போதும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய்க்கு விற்கும் நாளில் மூலப்பொருளுக்கே 300 ரூபாய் ஆகிவிடும். மிஞ்சும் ஒன்றரை கிலோ அளவிலான புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, ஆட்டுக்கூலியையும் கடைச் செலவையும் கூட்டிப் பாருங்கள். அப்படியிருக்க, ஒருவர் லிட்டர் 180 ரூபாய்க்குச் "சுத்தமான மரச்செக்கு எண்ணெய்" தருகிறேன் என்றால், அதில் வேறு மலிவான எண்ணெய் கலந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். விலை அதிகம் என்பதால் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தக் கணக்குக்குக் கீழே விலை இறங்கினால் சுத்தம் என்பதற்கு வழியே இல்லை.

இதைவிட நல்ல வழி, கூலிக்கு ஆட்டிக்கொள்வது. கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடைகளில் நிலக்கடலையோ எள்ளோ வாங்கி, சொத்தையும் கல்லும் பொறுக்கி, இரண்டு நாள் நன்றாக வெயிலில் காயவைத்து, செக்குக்காரரிடம் முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு எடுத்துச் செல்லுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெயும் குறையும், சீக்கிரம் காறிப்போகவும் செய்யும். செக்கில் நமக்கு முன்னால் என்ன ஆட்டினார்கள் என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை. எள் ஆட்டிய உடனே கடலை ஆட்டினால் வாசம் கலக்கும். ஆட்டி வந்த எண்ணெயை எவர்சில்வர் தூக்கில் இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்தால் வண்டல் அடியில் படியும்; மேலே தெளிந்ததை வடித்து எடுத்துக்கொள்ளலாம். புண்ணாக்கை வீட்டுக்குக் கொண்டுவருவதைவிடச் செக்குக்காரரிடமே கொடுத்துக் கூலியில் கழித்துக்கொள்வது இரு தரப்புக்கும் வசதி. இப்படிச் செய்யும்போது மொத்தக் கடைக்காரர், செக்குக்காரர், புண்ணாக்கு வாங்கும் மாட்டுக்காரர் என்று மூன்று பேர் உங்கள் ஒரே செலவில் பிழைக்கிறார்கள்.

மாவு மில்லுக்கும் இதே முறை பொருந்தும். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார்ப்பொடி, கோதுமை மாவு, கேழ்வரகு மாவு, சிகைக்காய் வரை எல்லாவற்றையும் காயவைத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று அரைத்துத் தருவார்கள். மிளகாய்க்குத் தனி இயந்திரம் இல்லாத மில்லாக இருந்தால், மிளகாய் அரைக்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, குழந்தைக்கான கேழ்வரகையும் சத்துமாவையும் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அரைத்த மாவு சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் வியர்த்துப் பூச்சி பிடிக்கும். செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டு அடைக்க வேண்டும். இந்தச் சிறு சிரமத்தைத் தாங்க முடியாமல்தான் பாக்கெட்டுக்கு மாறினோம் என்பது உண்மையே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும் என்பதும் உண்மைதான்.

காய்கறி, பூ, சாப்பாடு

உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில்தான் முதன்முதலாகத் தொடங்கியது. சொக்கிகுளம், பழங்காநத்தம், ஆனையூர் என்று நகரின் பல பகுதிகளில் இப்போது சந்தைகள் உள்ளன. அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் தரகு இல்லாமல் நேரடியாக விற்கலாம். மொத்த விலைக்கு மேலும், வெளிச்சந்தைச் சில்லறை விலைக்குக் கீழும் இருக்கும்படி அன்றாட விலை வைக்கப்பட்டு, பலகையில் எழுதிப் போடப்படுகிறது. நடுவில் மண்டிக்காரரும் கமிஷனும் இல்லாததால், நாம் கொடுப்பதில் பெரும்பங்கு விளைவித்தவரிடமே போகிறது. சந்தைக்குக் காலையில் சீக்கிரம் போக வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் நல்ல சரக்கு தீர்ந்திருக்கும். பலகை விலையை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கடைகளைச் சுற்றுங்கள்.

சந்தையில் பேரம் பேசுவதைவிடப் பயனுள்ள ஒரு காரியம் உண்டு. தக்காளியோ வெங்காயமோ அளவுக்கு மீறி விளைந்து, பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டாத வாரங்கள் ஒவ்வொரு ஆண்டும் வருகின்றன. அந்த வாரத்தில் இரண்டு கிலோவுக்குப் பதில் ஐந்து கிலோ வாங்கித் தொக்கோ வற்றலோ போட்டுவைப்பது, விலை ஏறிய காலத்தில் நமக்கே உதவும். விலை சரிந்த வாரத்தில் வாங்குபவர்தான் விவசாயிக்கு வேண்டியவர். தக்காளி விலை ஏறிய வாரத்தில் வாங்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

தள்ளுவண்டியிலும் நடைபாதையிலும் விற்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தெருவில் விற்பவரிடம் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பானது என்ற தயக்கம் யாருக்கும் வேண்டாம். பூக்காரம்மாவிடம் வாங்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விலை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் முகூர்த்த நாளுக்கு நாள் தலைகீழாக மாறும். அந்த ஏற்ற இறக்கத்தை அவர் தடுக்க முடியாது. உதிரிப் பூவை வாங்கி, மொட்டு மலர்வதற்குள் நெருக்கமாகத் தொடுத்து முழமாக்கும் வேலைக்கான கூலிதான் அவருடைய வருமானம். எனவே உதிரியாக வாங்காமல் தொடுத்த பூவாக வாங்குவதும், தினமும் ஒருவரிடமே வாங்குவதும், நாளைக்கு இத்தனை முழம் வேண்டும் என்று முந்தைய நாளே சொல்லிவைப்பதும் அவருக்குப் பெரிய உதவி. எவ்வளவு பூ எடுப்பது என்று தெரியாமல் எடுத்து, மாலையில் வாடியதைக் கொட்டுவதில்தான் அவருடைய நட்டம் இருக்கிறது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது சுருக்கமானது. மெஸ்ஸிலோ இரவு இட்லிக் கடையிலோ செயலி வழியாக வாங்கும்போது, செயலி நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கமிஷனும் விளம்பரக் கட்டணமும் கடைக்காரரின் கையிலிருந்தே போகின்றன; அதை ஈடுகட்ட அவர் செயலியில் விலையை ஏற்றிப் போட்டிருந்தால் உங்கள் கையிலிருந்தும் போகிறது. பக்கத்தில் இருக்கும் கடைக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, டிபன் கேரியரோடு போய் வாங்கிக்கொள்வது இருவருக்கும் மிச்சம். சாம்பார் பிளாஸ்டிக் பையில் வராது என்பது கூடுதல் நன்மை. மழை நாளும் உடம்பு முடியாத நாளும் விலக்கு. அவற்றுக்காகத்தான் செயலி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

துணிமணி

இந்த ஊருக்கே உரிய துணியை இந்த ஊர்க்காரர்களே அதிகம் உடுத்துவதில்லை என்பது எனக்குள்ள பழைய ஆதங்கம். மதுரைச் சுங்குடி, இங்குள்ள சௌராஷ்டிர சமூகத்தாரின் கைவேலையாக வளர்ந்தது. புவிசார் குறியீடும் அதற்கு உண்டு. பருத்தித் துணியில் சிறு சிறு புள்ளிகளாகக் கிள்ளியெடுத்து நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்ப்பதுதான் அதன் முறை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் விழும். அவற்றைப் போடுபவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள். சிக்கல் என்னவென்றால், திரை அச்சில் புள்ளி வைத்த சேலைகளும் கடைகளில் சுங்குடி என்ற பெயரிலேயே விற்கின்றன.

கடைக்குப் போனால் சேலையைப் பிரித்துப் போடச் சொல்லி, ஒரு புள்ளியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். முடிச்சுப் போட்ட புள்ளி முழு வட்டமாக இருக்காது. ஓரம் கொஞ்சம் நெளிந்தும், சாயம் உள்ளே கசிந்தும், ஒன்றுபோல் ஒன்று இல்லாமலும் இருக்கும். புதுச் சேலையில் முடிச்சு இருந்த இடம் விரலுக்கு மெல்லப் புடைப்பாகத் தட்டுப்படும். அச்சில் போட்ட புள்ளி அளவெடுத்தாற்போல் ஒரே மாதிரி வரிசையாக இருக்கும். துணியைத் திருப்பினால் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். அச்சுச் சேலை மோசம் என்று சொல்லவில்லை. அதுவும் இங்கேயே சாயம் போட்டதாக இருக்கலாம், அன்றாடம் உடுத்தத் தோதானதும்கூட. ஆனால் முடிச்சுச் சேலையின் விலையைக் கொடுத்து அச்சுச் சேலையை வாங்கினால், முடிச்சுப் போட்ட பெண்ணுக்கு அதில் ஒரு பைசாவும் போகாது. விற்பவரிடம் இது கை முடிச்சா, அச்சா என்று நேராகக் கேளுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் கடைக்காரரும் இரண்டையும் பிரித்து வைப்பார்.

கைத்தறி வாங்கும்போது 2006 முதல் நடைமுறையில் உள்ள கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்கலாம். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கை விற்பது என்பதால் அங்கே வாங்குவதும் உள்ளூர்ச் செலவுதான். தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் முதல் வாரத்திலேயே போனால்தான் நல்ல வண்ணங்கள் கிடைக்கும்.

தைத்த உடையாக வாங்குவதற்குப் பதில் துணியெடுத்துத் தைக்கக் கொடுப்பது, தெருத் தையற்கடைக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கும் வழி. புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளிலும், ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியின் சந்துகளிலும் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் துணியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நேரத்துக்குத் தரவில்லையென்று குறைபடுவதைவிட, வேலை இல்லாமல் இயந்திரம் சும்மா நிற்கும் மாதங்களில் கொடுப்பது அவருக்கும் நல்லது, நமக்கும் பொருத்தமான தையல் கிடைக்கும். கிழிந்ததைத் தைப்பது, நீளம் குறைப்பது, செருப்புக்கு வார் வைப்பது, மிக்ஸிக்கு பிளேடு மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கும் கூலி ஏறக்குறைய முழுவதுமே உள்ளூரில் தங்கும் பணம்.

காசைக் கொடுக்கும் முறை

எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் கடைக்காரரின் வருமானத்தைக் கூட்டும், குறைக்கும். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக யுபிஐ வழியாகக் கொடுத்தால் 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. கடன் அட்டையைத் தேய்த்தால் விற்பனைத் தொகையில் ஒரு பங்கு கட்டணமாகப் போகும். பத்து ரூபாய் லாபத்தில் விற்பவருக்கு அது லேசான இழப்பு அல்ல. உங்களுக்கு வரும் வெகுமதிப் புள்ளிகளின் செலவில் ஒரு பகுதி அவர் கல்லாவிலிருந்தும் வருகிறது. சிறு கடையில் கடன் அட்டையை நீட்டாமல் இருப்பது நல்ல பழக்கம்.

தெருவோர வியாபாரிகளுக்கு யுபிஐயில் இன்னொரு பயனும் இருக்கிறது. 2020-இல் 10,000 ரூபாய் முதல் கடனோடு தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில், ஒழுங்காகத் திருப்பிக் கட்டுபவர்களுக்கு அடுத்தடுத்துப் பெரிய கடன் கிடைக்கிறது. மின்னணுப் பரிவர்த்தனைகளுக்குச் சிறு ஊக்கத்தொகையும் உண்டு. ஆனால் அன்றன்றைய சரக்கை விடியற்காலையில் ரொக்கம் கொடுத்து எடுக்கும் பூக்காரம்மாவுக்கு ரொக்கமே தோதாக இருக்கலாம். எது வசதி என்று அவரிடமே கேட்டுவிட்டு, சில்லறையாகக் கொடுங்கள். காலை முதல் போணிக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவது யாருக்கும் உதவாது.

கணக்கு நோட்டில் எழுதி வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் மாதச் சம்பளம் வந்த அன்றே பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும். கடன் அன்பை முறிக்கும் என்று கடைகளில் எழுதி மாட்டியிருப்பது வெறும் அலங்காரம் அல்ல. மொத்த வியாபாரிக்குக் கடைக்காரர் கட்ட வேண்டிய தவணை தவறினால் அடுத்த சரக்கு வராது. சரக்கு இல்லாவிட்டால் அடுத்த வாடிக்கையாளர் பேரங்காடிக்குப் போய்விடுவார். கையில் பணம் இருந்தும் அண்ணாச்சியிடம் கடன் சொல்லிவிட்டு, பேரங்காடியில் உடனே பணம் கட்டும் குடும்பங்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

பேரம் பேசுவதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அது சந்தையின் மொழி. கிலோ கணக்கில் வாங்கும்போது விலை குறைக்கக் கேட்பதும், கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்பதும் இயல்புதான். விலை ஒட்டப்பட்ட கடையில் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, கூடையில் கீரை கொண்டுவரும் பாட்டியிடம் மட்டும் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

விசேஷமும் அலுவலகமும்

அன்றாடச் செலவில் ஓராண்டில் மாற்றக்கூடிய தொகையை ஒரே கல்யாணத்தில் மாற்றிவிடலாம். தாம்பூலப் பையில் போடும் பொருள், சீர் பலகாரம், பந்தி இலை, மாலை, அழைப்பிதழ் அச்சு, பந்தல், மேளம் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளூரில் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒருவரிடமே ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டால் அலைச்சல் இல்லைதான்; இருந்தாலும் ஒப்பந்தக்காரரிடம் பலகாரமும் மாலையும் எங்கே எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டு, இன்னாரிடம் எடுங்கள் என்று சொல்லும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு. தாம்பூலத்துக்கு நெகிழிப் பொருளுக்குப் பதில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்று பக்கத்து ஊர்களின் சரக்கைச் சேர்ப்பதும் நல்ல யோசனையே. நவராத்திரிக் கொலு பொம்மைக்கும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்கும் விளாச்சேரிக்கே நேரில் போய்ச் சில மாதங்களுக்கு முன்பே முன்பணம் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். களிமண் பொம்மை வெயிலில் காய்ந்தாக வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வேலை நிற்கும். கடைசி வாரத்தில் போய்க் கேட்பவருக்கு மிச்சம்மீதிதான் கிடைக்கும்.

அலுவலகத்திலோ அடுக்குமாடிச் சங்கத்திலோ கொள்முதல் பொறுப்பில் இருப்பவர்கள், தீபாவளி இனிப்பு முதல் தேநீர், அச்சு வேலை, மின்வேலை வரை உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பவர்கள் பணத்தையும் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையை, ஒப்பந்தம் எப்படி எழுதியிருந்தாலும், 45 நாட்களுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். பெரிய ஆர்டரைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் பில்லை நிறுத்திவைப்பது சிறு தொழில்காரரை மூழ்கடிக்கும் செயல். அதைவிட ஆர்டரே கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

எங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது

உள்ளூர்க் கடை என்பதற்காக நம் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பாக்கெட்டில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல், குளிர்விக்கும் செலவு என்று சொல்லி இரண்டு ரூபாய் கூட்டி வாங்குவது தவறு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். சந்தேகம் இருந்தால் முத்திரையைக் காட்டச் சொல்லலாம். உணவுப் பொருள் செய்து விற்பவரிடம், வீட்டிலிருந்து செய்பவராக இருந்தாலும், உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். சிறிய அளவில் விற்பவர்களுக்கு அந்தப் பதிவு எளிது, கட்டணமும் சொற்பம். ஊறுகாய் போட்டு விற்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் அது இல்லையென்றால், வாங்குவதை நிறுத்துவதற்கு முன்னால் பதிவு செய்ய உட்கார்ந்து உதவி செய்யலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பில்லில் ஜிஎஸ்டி இல்லை என்றதும் வரி ஏய்ப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பொருட்களை விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அவர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. அதற்கு மேல் ஒன்றரைக் கோடி வரை விற்பவர்கள், விற்றுமுதலில் ஒரு சிறு பங்கை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க வரி முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த முறையில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது, தான் அந்த முறையில் இருப்பதைப் பில்லிலும் குறிப்பிட வேண்டும். வரி போடாத பில் பல நேரங்களில் சட்டப்படி சரியான பில்தான். அப்படிப்பட்ட பில்லையாவது கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் அதுதான் கையில் இருக்கும் சான்று.

பொருளில் குறை கண்டால் முதலில் கடைக்காரரிடமே, கூட்டம் இல்லாத நேரத்தில், நேரில் சொல்லுங்கள். சொந்தக் கடைக்காரர் முடிவெடுக்க மேலிடத்தைக் கேட்க வேண்டியதில்லை; பெரும்பாலும் அப்போதே மாற்றிக் கொடுத்துவிடுவார். இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போடுவது அதன் பிறகு வரட்டும். நன்றாக இருந்தால் அதையும் எழுதுங்கள். கடைப் பெயர், தெரு, எந்த நேரம் திறந்திருக்கும், என்ன நன்றாக இருக்கும் என்று நான்கு வரி எழுதினால், விளம்பரத்துக்குச் செலவிட முடியாத கடைக்கு அது புது வாடிக்கையாளரைக் கொண்டுவரும். இரண்டு முறை நேரில் சொல்லியும் எடை குறைவதோ கலப்படமோ தொடர்ந்தால் அந்தக் கடையை விட்டுவிட்டு, அதே தெருவில் நேர்மையாக விற்கும் அடுத்த கடைக்கு மாறுங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பில்லோடு புகார் பதியலாம்.